கடலோர வீட்டுக்குப் பம்ப் வைத்துத் தளம் போடலாமா?

கேள்வி: சார், நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவில் எங்கள் ஊர். கடலிலிருந்து வீடு 600 மீட்டர் இருக்கும். சுவர் முடிந்து, 1,450 சதுர அடிக்கு மேல்தளம் போட வேண்டும். ரெடிமிக்ஸ் (பிளான்டில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) வரவழைத்துப் பம்ப் வைத்துப் போட்டுவிடலாம் என்கிறார் இன்ஜினியர். "பம்ப் கான்கிரீட் தண்ணியா வரும், வெடிப்பு விழும், இங்கேயே கலந்து மேலே தூக்கும் லிஃப்ட் மிக்ஸர் வைத்து ஆள் விட்டுப் போடுவதுதான் கெட்டி" என்கிறார் மேஸ்திரி. ரெடிமிக்ஸ் பிளான்ட் 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எங்கள் தெரு 12 அடி அகலம், மெயின் ரோட்டிலிருந்து வீடு 70 மீட்டர் உள்ளே. பிளானில் கான்கிரீட் தரம் எம்20, தளம் 5 அங்குலம், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனமான கவர் 20 மி.மீ. என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் தளம் போட்டுப் 11 வருஷம்தான் ஆகிறது, அதற்குள் சன்ஷேடிலும் பால்கனியிலும் கம்பி துருப்பிடித்துக் காரை விழுகிறது. அதைப் பார்த்துத்தான் பயம். வைகாசியில் ஒரு நாள், காலை 10.30க்கு நல்ல நேரம் குறித்திருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்:

அம்மா, வணக்கம். பம்ப் வைத்தே போடுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் கடிதத்தில் இருக்கிற மூன்று விஷயங்கள் மாற வேண்டும்: எம்20, 20 மி.மீ. கவர், காலை 10.30. இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டால் பம்ப் வைத்தாலும் ஆள் விட்டாலும் பக்கத்து வீட்டுக் கதைதான் உங்கள் வீட்டிலும் நடக்கும்.

முதலில் அந்தப் பக்கத்து வீட்டைப் பார்ப்போம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்பு ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். கடல் காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊறி ஊறி உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதும் அந்தக் காப்பு உடைகிறது. இரும்பு துருவாகும்போது பழைய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். உள்ளிருந்து தள்ளுகிற அந்த அழுத்தத்தில்தான் காரை பெயர்கிறது. சன்ஷேடும் பால்கனியும் முதலில் போனதற்குக் காரணம், அவை மெல்லியவை, கவர் குறைவு, காற்றும் மழையும் நேராக அடிக்கிற இடம்.

ஆகவே கடலோரத்தில் தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டுதான். உப்பு நடந்து வரவேண்டிய தூரம் எவ்வளவு, அந்த வழி எவ்வளவு அடர்த்தி. தூரம் என்பது கவர். கவர் இரண்டு மடங்கானால் உப்பு கம்பியைத் தொட எடுக்கும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அடர்த்தி என்பது சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் சேர்த்தோம் என்பது. சிமெண்ட் வேதிமாற்றத்துக்கு எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் தண்ணீர் காய்ந்து போன இடமெல்லாம் நுண்துளைதான், உப்புக்குப் போட்டுக் கொடுத்த பாதைதான்.

நம் நாட்டு விதிநூலான ஐ.எஸ். 456 இதற்குத் தெளிவாகவே கணக்குச் சொல்கிறது. கடலோரச் சூழலுக்குத் திறந்து கிடக்கும் கான்கிரீட்டை அது 'கடுமையான சூழல்' என்ற வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 தரம், ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, கவர் 45 மி.மீ. உப்புக் காற்று நேராகப் படாமல் மறைவில் இருக்கும் பாகங்களுக்கு ஒரு படி கீழே: எம்25, விகிதம் 0.50, கவர் 30 மி.மீ. எம்20ம் 20 மி.மீ. கவரும் உள்நாட்டில், மழை வெயிலுக்கு மறைவான இடங்களுக்குச் சொன்னவை. உங்கள் பிளானை வரைந்தவர் எல்லா ஊருக்கும் போடுகிற அதே குறிப்பை உங்களுக்கும் போட்டுவிட்டார் போலிருக்கிறது.

தளம், பீம், பால்கனி, சன்ஷேடு எல்லாவற்றுக்கும் ஒரே வண்டியிலிருந்துதான் கான்கிரீட் வரப்போகிறது. அதனால் எல்லாவற்றுக்கும் எம்30 என்றே ஆர்டர் கொடுங்கள். அறைகளுக்கு மேல் வரும் தளத்தின் அடிப்புறத்துக்கு 30 மி.மீ. கவர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சன்ஷேடு, வெளிப்பக்க பீம்களுக்கு 45 மி.மீ. இங்கே ஒரு எச்சரிக்கை. கவரைக் கூட்டினால் கம்பி தளத்தின் உள்ளே தள்ளிப் போகும், அந்த அளவுக்குத் தளத்தின் பலம் குறையும். 5 அங்குலத் தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை மட்டும் பெரிதாக மாற்றுவது தப்பு. பால்கனியை 6 அங்குலமாக்க வேண்டியிருக்கலாம், கம்பி இடைவெளியை நெருக்க வேண்டியிருக்கலாம். அதை உங்கள் இன்ஜினியர் மறுபடி கணக்குப் போட்டு, கையெழுத்துடன் புதிய வரைபடமாகக் கொடுக்கட்டும். மூன்று அங்குல சன்ஷேடில் மேலும் கீழும் 45 மி.மீ. விடவே முடியாது, அதையும் அவர்தான் யோசிக்க வேண்டும்.

சிமெண்ட் விஷயத்தில் கடலோரத்தில் பலரும் சல்பேட் தாங்கும் சிமெண்டைத் தேடி வாங்குகிறார்கள். உப்புக் காற்றுக்கு அது சரியான மருந்து இல்லை. உப்பிலிருந்து வந்து கம்பியைத் தாக்கும் குளோரைடைத் தடுப்பதில் ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலந்த பி.பி.சி. சிமெண்டும், இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டும்தான் மேல். பிளான்டிடம் பேசும்போது ஃபிளை ஆஷ் அல்லது ஸ்லாக் கலந்த மிக்ஸ் என்றே கேளுங்கள். பம்புக்கும் அது நல்லது, கலவை வழுவழுப்பாகக் குழாயில் ஓடும்.

சரி, மேஸ்திரி சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பம்ப் வேலைகளில் தண்ணீராக வந்த கான்கிரீட்டை அவர் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் பம்புக்குத் தண்ணீர் தேவை என்பது தவறான நம்பிக்கை. பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும். பம்பின் வாய்த்தொட்டியான ஹாப்பரில் கொட்டும் கான்கிரீட்டை இரண்டு சிலிண்டர்கள் மாறி மாறி உறிஞ்சி, 125 மி.மீ. குழாய்க்குள் தள்ளுகின்றன. குழாய்க்குள் கான்கிரீட் மொத்தமாக ஒரே உருளையாக நகர்கிறது. குழாய்ச் சுவரை ஒட்டி மெல்லிய சிமெண்ட்பால் படலம் ஒன்று இருக்கிறது, அதன் மேல்தான் உருளை வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தப் படலம் நிலைக்க வேண்டுமானால் கலவையில் நுண்தூள் போதுமான அளவு இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும் கூடினால் என்ன ஆகும்? பம்ப் அழுத்தம் தண்ணீரையும் பாலையும் முன்னே தள்ளிவிடும், ஜல்லி பின்னால் தங்கி ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி ஓட்டிய பல பம்புகள் அடைத்துக்கொண்டது இதனால்தான்.

எனக்கு இதில் உண்மையான கவலை, வேலை நடக்கும் நேரத்தில் ஊற்றப்படும் தண்ணீர்தான். பிளான்டிலிருந்து வண்டி சரியான கலவையோடு கிளம்பியிருக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் வந்திருக்கும், கொஞ்சம் இறுகியிருக்கும். பம்ப் ஹெல்பர் ஹாப்பரில் ஹோஸைப் பிடிப்பார், டிரைவர் டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிடுவார், மேலே பரப்புகிற ஆட்கள் "இன்னும் கொஞ்சம் இளக்கு" என்று கத்துவார்கள். கணக்கைப் பாருங்கள். 6 கன மீட்டர் வண்டி, கன மீட்டருக்கு 370 கிலோ சிமெண்ட், விகிதம் 0.45 என்று வைத்துக்கொள்வோம். அதில் வெறும் 100 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் விகிதம் 0.49ஐத் தாண்டிவிடும். 100 லிட்டர் என்பது ஏழெட்டு வாளி, இரண்டே நிமிஷத்தில் உள்ளே போய்விடும். எம்30க்குப் பணம் கொடுத்துவிட்டு, கடலோரத்துக்கு ஆகாத கான்கிரீட்டைப் பெறுவது இப்படித்தான். அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டு போர்த் தண்ணீராக இருந்தால், உப்பு காற்றில் வந்து சேரும்வரை காத்திருக்கவே வேண்டாம், நாமே உள்ளே வைத்து மூடியதாகிவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டில் சேரும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது விதி. உங்கள் பகுதியில் பல போர்களில் இது தாண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இளக்கம் வேண்டியதுதான். பம்புக்கு 100லிருந்து 150 மி.மீ. வரை ஸ்லம்ப் இருந்தால் போதும். 30 செ.மீ. உயரக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பித் தூக்கினால் அது எவ்வளவு அமர்கிறது என்பதுதான் இந்த அளவு. அந்த இளக்கத்தை, கலவையை இளக்கும் ரசாயனமான அட்மிக்சர் கொடுக்கட்டும், தண்ணீர் கொடுக்க வேண்டாம். பிளான்டில் பேசும்போதே, 'எம்30, பம்ப் மிக்ஸ், சைட்டில் வண்டி நிற்கும்போது 120 மி.மீ. ஸ்லம்ப்' என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே அட்மிக்சர் கேன் ஒன்றையும், அளவு தெரிந்த டெக்னீஷியன் ஒருவரையும் அனுப்பச் சொல்லுங்கள். வண்டி இறுகி வந்தால் அவர் அளந்து ஊற்றி, டிரம்மை வேகமாகச் சில நிமிஷம் சுழற்றினால் இளகிவிடும். உங்கள் தரப்பில் ஒரே ஒருவருக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள், அவர் இன்ஜினியராக இருப்பது நல்லது. அவரைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஹாப்பரிலோ டிரம்மிலோ விழக்கூடாது என்று டிரைவர், பம்ப் ஆபரேட்டர், மேஸ்திரி மூன்று பேருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது மேஸ்திரியின் இன்னொரு பாதி, வெடிப்பு. பம்ப் மிக்ஸில் மணலும் சிமெண்ட்பாலும் கொஞ்சம் கூடுதல். அதோடு அட்மிக்சர், ஃபிளை ஆஷ் எல்லாம் சேர்ந்தால் மேலே கசிந்து வரும் நீர் குறைவாக இருக்கும். கைக்கலவையில் தளத்தின் மேல் பளபளவென்று நீர் நின்று அதுவே கொஞ்ச நேரம் காப்பாற்றும். இதில் அது இருக்காது. வெயிலும் காற்றும் சேர்ந்தால், போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே மேல்பரப்பு இழுத்து வெடிக்கும். மணிக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகும் சூழலில் இந்த வெடிப்புக்கு வாய்ப்பு மிக அதிகம் என்பது உலகம் முழுக்கப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல். உள்நாட்டில் அது பார்ப்பதற்கு அசிங்கம், அவ்வளவுதான். உங்கள் ஊரில் அந்த வெடிப்பு உப்புக்குக் கம்பிவரை நேர்வழி. கடலோரத்தில் பம்ப் வைப்பவர் இதற்குத் தயாராகத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அதனால்தான் 10.30 வேண்டாம் என்கிறேன். வைகாசி முதல் பாதி கத்திரி வெயில். காலையில் நிலத்துப் பக்கமிருந்து காய்ந்த காற்று அடித்துக்கொண்டிருக்கும், கடல் காற்று எழும்பும்வரை வெக்கை ஏறிக்கொண்டே போகும். 10.30க்குத் தொடங்கினால் உச்சி வெயிலில் நடுத்தளத்தில் நிற்பீர்கள். கான்கிரீட்டைத் தாங்க அடியில் போடும் சென்ட்ரிங் ஷீட் கை வைக்க முடியாமல் கொதிக்கும். ரோட்டில் கிடக்கும் இரும்புக் குழாயும் அப்படித்தான், உள்ளே நிற்கும் கான்கிரீட் சீக்கிரமே இறுகும். பெரியவர்கள் குறித்த நேரத்தை மாற்றுவது சங்கடம் என்று தெரியும். பிரம்ம முகூர்த்தத்துக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 5 மணிக்குப் பூஜை போட்டு, 5.30க்கு முதல் வண்டியை இறக்கினால் 9.30க்குள் முடித்துவிடலாம். அந்த நேரத்துக்கு லோடு போடுவார்களா என்று பிளான்டில் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். தெருவாசிகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பம்ப் சத்தம் தூங்க விடாது.

எந்தப் பம்ப்? மடங்கி நீளும் கையோடு வரும் பூம் பம்பை மறந்துவிடுங்கள். அதன் நான்கு கால்களையும் விரிக்க உங்கள் தெருவின் அகலம் போதாது. மணல்பாங்கான ஓரத்தில் கால் புதைந்தால் வண்டியே சாயும். மேலே மின்கம்பி வேறு. உங்களுக்கு லைன் பம்ப்தான். அதை மெயின் ரோட்டு முனையில் நிறுத்தி, தெரு வழியாகக் குழாய் போட்டு, வீட்டுக்கு மேலே ஏற்றுங்கள். கான்கிரீட் வண்டியைத் தெருவுக்குள் விடவே வேண்டாம். நிறைந்த வண்டி 25 டன் அளவுக்கு இருக்கும். சாக்கடை மூடியும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கும் அதைத் தாங்காது. ரோட்டோரத்தில் நிறுத்த ஊராட்சியிலும் காவல் நிலையத்திலும் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே போய்ப் பரவுவதையும் சேர்த்தால் குழாய் நீளம் 90 மீட்டர் வரும். அந்தக் குழாய்க்குள்ளேயே 1.1 கன மீட்டர் கான்கிரீட் நிற்கும். இதை ஆர்டரில் சேர்க்க மறந்துவிட்டு, கடைசி மூலையில் கான்கிரீட் போதாமல் கையால் கலந்து ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கையொட்டு மூலைதான் பிறகு முதலில் ஒழுகும். உங்கள் தளத்துக்குப் 17, பீம்களுக்கு 4 அல்லது 5, குழாய்க்கு ஒன்று. ஆக 23 கன மீட்டரைச் சுற்றி வரும், பால்கனி கனத்தால் கொஞ்சம் கூடலாம். நான்கு வண்டி. மூன்றாவது வண்டி பாதி இறங்கும்போது மீதி இடத்தை டேப் வைத்து அளந்து, கடைசி வண்டிக்கு எவ்வளவு என்று போனில் சொல்லுங்கள். அந்த வண்டி வந்து சேரும் ஒரு மணி நேர இடைவெளியை நினைவில் வைத்து மற்ற வண்டிகளை அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போட்ட ஓரம் இறுகி, புதுசு பழசோடு ஒட்டாத 'கோல்ட் ஜாயின்ட்' விழும்.

லோடு போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி காலியாக வேண்டும் என்பது ரெடிமிக்ஸுக்கான விதி. 35 கிலோமீட்டரில் ஒரு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். அதனால் நான்கு வண்டியும் ஒன்றாக வந்து வரிசையில் நிற்கவும் கூடாது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பம்ப் காய்ந்து நிற்கவும் கூடாது. சலானில் லோடு போட்ட நேரம் இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஹாப்பரில் இறக்க வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால் ஆபரேட்டர் ஹாப்பரைக் காலியாக்காமல், சில நிமிஷத்துக்கு ஒரு முறை முன்னும் பின்னும் ஓரிரு ஸ்ட்ரோக் ஓட்டிக் கான்கிரீட்டை உயிரோடு வைத்திருப்பார். குழாய் முழுக்கக் கோணிச் சாக்கைப் போர்த்தி நனைத்து வையுங்கள். வண்டியே வராமல் போனால் எங்கே நிறுத்துவது என்பதையும் இன்ஜினியர் முன்பே சென்ட்ரிங்கில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைக்கட்டும்.

கான்கிரீட் வருவதற்கு முன் குழாயை வழுக்கலாக்க சிமெண்ட்பால் விடுவார்கள். இரண்டு மூன்று மூட்டை சிமெண்ட், தண்ணீர். அது குழாயின் மறுமுனையில் முதலில் வந்து விழும். அதைத் தளத்திலோ பீமிலோ விடக்கூடாது, ஜல்லியே இல்லாத அந்த இடம் பலவீனமாகிவிடும். ஒரு டிரம்மைப் பிடித்து அதில் வாங்கிக் கொட்டிவிடுங்கள்.

இனி மேலே நடப்பது. என்னைக் கேட்டால் கடலோர வீட்டின் விதி இங்கேதான் முடிவாகிறது. பம்ப் வேகமாகக் கொட்டும், எட்டுப் பத்துப் பேர் கம்பி மேல் நடப்பார்கள், கனமான ரப்பர் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஹோஸின் கிளாம்ப் ஒரு கம்பியில் மாட்டி இழுபட்டால் அந்த வரிசையின் கவர் பிளாக் முழுவதும் சரிந்துவிடும். பால்கனிக்கு மேல்கம்பிதான் உயிர். 6 அங்குலப் பால்கனியில் மேல்கம்பி ஒரு அங்குலம் மிதிபட்டுக் கீழே இறங்கினால் அதன் பலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு போய்விடும். அதனால் மேல்கம்பிக்கு அடியில் இரண்டடிக்கு ஒன்றாக, அதைத் தாங்க நாற்காலி போல வளைத்த 'சேர்' கம்பி கட்டச் சொல்லுங்கள். நடப்பதற்குப் பலகைப் பாதை போடச் சொல்லுங்கள். ஒரு கம்பிக்காரர் கடைசிவரை கொக்கியோடு ஹோஸுக்கு முன்னால் நடந்து, அமுங்கிய கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே போகட்டும். கவர் பிளாக்காக ஜல்லித் துண்டையோ டைல்ஸ் துண்டையோ செருகினால் அன்றைக்கே எடுத்துப் போடுங்கள். உப்பும் ஈரமும் அந்த ஓரம் வழியாகத்தான் ஏறும். எம்30 தரத்துக்கு வார்த்த கான்கிரீட் பிளாக்கே வேண்டும்.

குழாயைக் கம்பி மேல் நேராகக் கிடத்தக்கூடாது. பழைய டயர்களைப் போட்டு அதன் மேல் குழாயை வைத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் உதறலும் டயரிலேயே அடங்கும். சென்ட்ரிங்கோடு குழாயைக் கட்டவே கூடாது, அந்த உதறல் முட்டுகளை அசைத்துவிடும். உங்கள் பகுதியில் சவுக்கு முட்டுதான் வைப்பார்கள். அடியில் மணல் என்பதால் ஒவ்வொரு முட்டுக்கும் கீழே அகலப் பலகை, குறுக்குக் கட்டு இரண்டும் கட்டாயம். ஹோஸை ஒரே இடத்தில் பிடித்துக் குவிக்க விடாதீர்கள். இரண்டடி உயரக் குவியல் ஒரு சதுர மீட்டரில் ஒன்றரை டன், அந்த இடத்து முட்டு அதற்காக வைத்ததல்ல. தூரத்து மூலையில் தொடங்கி, குழாயைக் கழற்றிக் கழற்றிப் பின்வாங்கி வருவதுதான் முறை. வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று நின்றுபோனால் இன்னொன்று. பம்ப் கான்கிரீட் தானே இறங்கிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பீம் முனைகளில் கம்பி நெருக்கமாக இருக்கும் இடத்தில் கான்கிரீட் இறங்காமல் பொந்து பொந்தாகத் தேன்கூடு விழுந்தால் உப்புக்கு அதைவிடச் சுலபமான வாசல் கிடையாது.

கம்பி கட்டி முடித்துப் பம்ப் கிடைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவைப்பதும் கடலோரத்தில் கெடுதல். கம்பியில் உப்புப் படிந்துவிடும். பம்ப் தேதி உறுதியான பிறகு கம்பி கட்டுங்கள், முதல் நாள் மாலை நல்ல தண்ணீரை வேகமாக அடித்துக் கம்பியையும் சென்ட்ரிங்கையும் கழுவி விடுங்கள்.

குழாய் தெருவில் கிடப்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். கிளாம்ப்புகளில் பின் போட்டிருக்கிறதா என்று ஆபரேட்டரோடு நீங்களும் நடந்து பாருங்கள். சிறுவர்கள் குழாய்ப் பக்கம் வரவே கூடாது, இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்துங்கள். அடைப்பு விழுந்தால் குழாயைச் சுத்தியலால் அடித்து, கிளாம்ப்பை அப்படியே திறக்கப் போவார்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது திறந்தால் கான்கிரீட் பீறிட்டு முகத்தில் அடிக்கும், உயிரே போகலாம். முதலில் பம்பை ரிவர்ஸில் ஓட்டி அழுத்தத்தை இறக்க வேண்டும், அதன் பிறகுதான் திறக்க வேண்டும். முடிந்த பிறகு குழாயைக் கழுவ ஸ்பாஞ்ச் பந்தைத் தண்ணீர் வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்றால் தள்ளினால் பந்தும் மிச்சக் கான்கிரீட்டும் குண்டு மாதிரி வெளியே வரும். ஹோஸ் முனையைப் பிடித்திருப்பவர் அந்த நேரத்தில் விலகியே நிற்க வேண்டும்.

மட்டம் தட்டி முடித்த பகுதியை முடித்த கையோடு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிக்கொண்டே வாருங்கள். முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஷீட் பறக்காமல் ஓரத்தில் பலகை வையுங்கள். நடுவில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் இறுகுவதற்குள் மட்டப்பலகையால் மறுபடி அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். சிமெண்ட்பாலைத் தெளித்து மறைக்கக்கூடாது. மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ஃபிளை ஆஷ், ஸ்லாக் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் அடர்த்தியாகும். அதற்கு இந்த வெயிலில் 14 நாள் ஈரம் வேண்டும், ஏழு நாளில் நிறுத்தினால் அந்தச் சிமெண்ட் வாங்கியதே வீண். பாத்திக்கும் நல்ல தண்ணீரே வேண்டும், டேங்கர் வாங்கினாலும் பரவாயில்லை. உப்புத் தண்ணீரைத் தேக்கினால் அது வெயிலில் வற்றி வற்றி உப்பு மட்டும் மேலே சேர்ந்துகொண்டே போகும்.

கான்கிரீட் கட்டிகளை வார்த்து நசுக்கிப் பலம் பார்க்கும் கியூப் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். 23 கன மீட்டருக்கு மூன்று தடவை மாதிரி, தடவைக்கு மூன்று கியூப் என்பது விதி. பம்ப் ஹோஸ் முனையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், நடுவில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அங்கேதான் தெரியும். கியூப் பாஸாவதை வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். கவர் எவ்வளவு இருந்தது என்று கியூப் சொல்லாது.

இத்தனையும் சொன்ன பிறகு மேஸ்திரியின் லிஃப்ட் மிக்ஸர் பற்றி. சட்டியால் அளந்து கலக்கிற இடத்தில் எம்30ம் 0.45ம் வருவது மிகக் கடினம். மணலின் ஈரம் காலைக்கும் மதியத்துக்கும் மாறும், ஆள் களைத்தால் தண்ணீர் கூடும். 23 கன மீட்டரை அப்படிப் போட்டால் பகல் முழுக்க இழுக்கும், நடுவில் எத்தனை ஜாயின்ட் விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாடித் தூண்களுக்கு மிக்ஸரே போதும். தூணுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கான்கிரீட் தேவை, பம்ப் வேகத்தில் கொட்டினால் பெட்டி பிதுங்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழவும் விடக்கூடாது. அங்கே சட்டிக்குப் பதில் எடை போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். உங்கள் மேஸ்திரி கவனமானவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது. தளம் போடும் நாளில் கவர் பிளாக், சேர் கம்பி, பிளாஸ்டிக் ஷீட் மூன்றையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள். அந்தக் கவனம் அங்கேதான் வேண்டும்.

பம்ப், வண்டி கழுவும் தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள், சிமெண்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். ரோட்டோரத்தில் முன்கூட்டியே ஒரு குழி வெட்டி, அடியில் தார்ப்பாய் விரித்து அதில் விடச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு உடைத்து அள்ளிவிடலாம். இன்ஜினியர் திருத்திய வரைபடம் வந்ததும் பால்கனி கம்பி விவரத்தை எனக்கு அனுப்புங்கள், பம்ப்புக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுவோம்.